கிருபாபாயின் நாவல்களில் காதலும் வேட்கையும்

நம் மன்ற இதழுக்குக் கட்டுரை கேட்ட செயலாளர், நான் வேதியியல் பற்றி ஏதேனும் எழுதித் தருவேன் என்றே எண்ணியிருப்பார். முதுகலை அறிவியல் மாணவி வேறு எதை எழுதுவாள்? இரண்டு பழைய நாவல்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சற்றுத் தயங்கினார். "காதல் கதைகளா?" என்றார். "ஆம், காதல் கதைகள்தாம்" என்றேன். மறுக்கவில்லை, மகிழ்ந்தார் என்றும் சொல்வதற்கில்லை.

காதல் கதை என்றால் நம்மிடையே ஒரு சிரிப்பு எழுகிறது. பெண் எழுதிய காதல் கதை என்றால் அச்சிரிப்பு இன்னும் சிறிது நீள்கிறது. விந்தை என்னவென்றால், அகம் என்றும் புறம் என்றும் வாழ்வையே இரு கூறாக்கி, அவற்றுள் ஒன்றைக் காதலுக்கென்றே ஒதுக்கிய மொழி நம் மொழி. வெள்ளிவீதியார் தம் பிரிவுத் துயரைப் பாடியதைப் பாடமாகப் படித்து மதிப்பெண் பெறுகிறோம். பாட்டில் வந்தால் பெருமை. கதையில் வந்தால் சிரிப்பு! இதன் காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இச்சிரிப்பை ஆங்கில நாடும் அறியும். அங்கே நாவல் என்பது தவழத் தொடங்கிய நாளிலேயே பெண்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அஃப்ரா பென் என்பவர் (1640–1689) நாடகமும் கதையும் எழுதி, அந்த ஊதியத்திலேயே வாழ்ந்து காட்டியவர். அவருக்குப் பின் வந்த எலைசா ஹேவுட் 1719-இல் தம் முதல் நாவலை வெளியிடத் தொடங்கினார். 'லவ் இன் எக்சஸ்' என்பது அதன் பெயர்; அளவு கடந்த காதல் என்று நாம் சொல்லலாம். மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனால் கவிஞர் அலெக்சாந்தர் போப் 1728-இல் எழுதிய அங்கத நூலில் அவரை மிகவும் இழிவாக எள்ளி நகையாடினார். அந்த எள்ளலின் நிழலில் ஹேவுட்டின் பெயர் நெடுங்காலம் மங்கியே கிடந்தது.

அந்த நாவலில் இரண்டு காட்சிகளை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பிறகு அவை நமக்குப் பயன்படும். முதலாவது, அலோவிசா என்னும் செல்வப் பெண் தெல்மாண்ட் என்னும் இளைஞனை விரும்புகிறாள். விருப்பத்தைப் பெண் முந்திச் சொல்லக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே பெயரிடாமல் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறாள். அவனோ அதை வேறொருத்தி எழுதியதாக எண்ணிக்கொள்கிறான். கதையின் துன்பமெல்லாம் அங்கிருந்து தொடங்குகிறது. வாய் திறந்து சொல்ல உரிமை இருந்திருந்தால் கதையே இல்லை! இரண்டாவது, மெல்லியோரா என்னும் இளம்பெண். அவளுக்குக் காப்பாளனாக இருப்பவன் அதே தெல்மாண்ட்தான். அவள் ஒருநாள் ஒவிட் என்னும் உரோமக் கவிஞரின் காதல் நூலைக் கையில் வைத்திருக்கையில் அவன் வந்துவிடுகிறான். இத்தகைய நூலைப் பெண் படிக்கலாமா என்பது பற்றி இருவருக்கும் பேச்சு வளர்கிறது. பேச்சு நூலைப் பற்றியதுதான். ஆனால் நூலைப் பற்றியது மட்டும் அன்று என்பது இருவருக்கும் தெரியும்.

காதல் ஒரு புத்தகத்தின் ஓரமாக வந்து நிற்கும் இக்காட்சியைப் படித்தபோது, இதை எங்கோ முன்பே கண்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே கண்டேன் என்று சொல்ல, முதலில் என் ஊரைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்த ஊர் நல்லேப்பிள்ளி. பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூரை அடுத்த ஊர். நெல்வயலும் பனையும் உள்ள ஊர். எங்கள் வீட்டில் தமிழ். தெருவில் தமிழும் மலையாளமும். நான் படித்த பள்ளியில் மலையாளம். இன்று ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம். எந்த மொழியில் கனவு காண்கிறாய் என்று விடுதித் தோழி கேட்டால் எனக்கு விடை தெரியாது. பள்ளியில் எங்களுக்கு 'இந்துலேகா' அறிமுகமாயிற்று. சந்து மேனன் 1889-இல் வெளியிட்ட அந்த நாவலை மலையாளிகள் தங்கள் மொழியின் முதல் முழு நாவலாகப் போற்றுகிறார்கள். ஆங்கிலமும் வடமொழியும் இசையும் கற்ற இந்துலேகா, பெரியவர்கள் அழைத்து வந்த நம்பூதிரியை ஏற்க மறுத்து, தன் மனத்துக்கு உகந்த மாதவனையே மணக்கிறாள். இது எல்லாரும் அறிந்த கதை. ஆனால் குடும்பத்தில் பூசல் எதனால் மூண்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காதலால் அன்று. ஒரு சிறுவனை ஆங்கிலம் கற்கச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்று மாதவன் வாதிட்டான்; அதனால் சினம் கொண்ட முதியவர், இந்துலேகாவை அவனுக்குத் தருவதில்லை என்று சூளுரைத்தார். படிப்பில் தொடங்கிய சண்டை காதலின் தலையில் வந்து விழுந்தது.

'இந்துலேகா' ஆண் எழுதிய நாவல். அதே ஆண்டுகளில் பெண் ஒருவர் இப்பொருளை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பார்? நூலகத்தில் இதற்கு விடை கிடைத்தது. அவர் பெயர் கிருபாபாய் சத்தியநாதன்.

இவரைத் தமிழ் எழுத்தாளர் என்று சொல்ல முடியாது. பிறந்தது 1862-இல், மராட்டிய நாட்டு அகமதுநகரில். பெற்றோர் அந்தணராக இருந்து கிறித்தவரானவர்கள். வாழ்ந்து எழுதியது பெரிதும் சென்னையில். மணந்தது தமிழ்க் கிறித்தவர் குடும்பம் ஒன்றில். எழுதிய மொழியோ ஆங்கிலம். இந்தியப் பெண்களுள் ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். எந்த ஓர் இலக்கிய வரலாற்றிலும் இவருக்கு வசதியான இடம் இல்லை. மராட்டியர் வரலாற்றில் இவர் ஆங்கில எழுத்தாளர். தமிழர் வரலாற்றில் அயலார். ஆங்கிலேயர் வரலாற்றில் அடிக்குறிப்பு. எல்லை ஊரில் பிறந்த எனக்கு இவர்மேல் பற்று வந்ததற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் அறிவியல். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. உலகில் மிகச் சில கல்லூரிகளே அன்று அதைச் செய்திருந்தன. முதலில் நுழைந்த பெண்கள் நால்வர். மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது அவர்களுள் ஒருவர். மூன்று ஆண்டு கழித்து, 1878-இல், பதினாறு வயதுப் பெண்ணாகக் கிருபாபாய் அங்கே சேர்ந்தார். அதற்கு முன்பே இங்கிலாந்து சென்று மருத்துவம் படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைக்க இருந்தது. உடல்நிலை இடம் கொடாததால் அது கைகூடவில்லை. சென்னையில் முதலாண்டுத் தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறினார். ஆனால் உடல் மறுபடியும் தளர்ந்தது. படிப்பு அத்துடன் நின்றது. அவர் தங்கியிருந்த வீடு பாதிரியார் சத்தியநாதன் வீடு. அவ்வீட்டு மகன் சாமுவேல், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பியவர். இருவரும் மணந்துகொண்டார்கள். கணவருக்கு உதகமண்டலத்தில் பள்ளித் தலைமைப் பணி. அங்கே கிருபாபாய் முசுலிம் சிறுமியருக்காக ஒரு பள்ளி நடத்தினார். (அந்நாளில் உதகை செல்வோர் போத்தனூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை இரயிலில் வந்து, பிறகு மலை ஏற வேண்டும். போத்தனூர் எங்கள் ஊருக்கு நெடுந்தொலைவு அன்று. இதை எழுதும்போது ஏனோ ஒரு மகிழ்ச்சி.) பின்னர் இராசமகேந்திரம், கும்பகோணம், மீண்டும் சென்னை. பெற்ற குழந்தை குழவிப் பருவத்திலேயே இறந்தது. நோய் விடவில்லை. 1894-இல், முப்பத்திரண்டு வயதில், கிருபாபாய் மறைந்தார்.

அதற்குள் இரண்டு நாவல்கள். 'சகுணா' 1887, 1888 ஆண்டுகளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. 'கமலா'வும் அவ்விதழிலேயே தொடராக வந்து, 1894-இல் நூலாயிற்று. ஆம், இன்று பெரும் நூல்களாகப் பேசப்படுபவை ஒரு கல்லூரி இதழில் வந்தவை! நம் செயலாளர் இதைக் குறித்துக்கொள்வாராக.

'சகுணா' பெரும்பாலும் கிருபாபாயின் சொந்த வாழ்வே. அதன் முற்பகுதி சகுணாவின் தாய் இராதாவின் கதை. சிறு வயதில் மணமானவள். கணவன் அரிச்சந்திரன் கிறித்தவனாகிறான். அவள் அவனோடு போக வேண்டியவளாகிறாள். உற்றார் இல்லை, ஊர் இல்லை, வழிபட்ட தெய்வங்களும் இல்லை. அஞ்சுகிறாள், வெறுக்கிறாள், ஒதுங்கி நிற்கிறாள். மெல்ல மெல்லத்தான் அவள் உள்ளம் இளகுகிறது. இங்கே கிருபாபாய் காதலை ஒரே நொடியில் பற்றும் தீயாகக் காட்டவில்லை. அச்சம் குறையக் குறைய, குறைந்த அளவுக்கு அன்பு நிறைகிறது. ஹேவுட்டின் உலகில் கண்டவுடன் மயக்கம் வரும். மயங்கியவர் தரையில் விழுவதும் உண்டு! கிருபாபாயின் உலகில் யாரும் விழுவதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவே ஆண்டுகள் ஆகின்றன. இந்திய இல்லங்களை அறிந்தவர்க்கு இதுவே உண்மை என்று தெரியும்.

பிற்பகுதி சகுணாவின் கதை. அவளுக்கு ஓர் அண்ணன், பாசுகரன். கற்றவன், தங்கையையும் கற்கத் தூண்டியவன். அவன் இளமையிலேயே இறந்துபோகிறான். நாவலில் என் உள்ளத்தை மிகவும் உருக்கிய பகுதி இதுதான். எந்தக் காதற் காட்சியும் இவ்வளவு உருக்கவில்லை. அண்ணன் பேச்சில் விரிந்த உலகத்தைச் சிறுமி ஒருத்தி கண்கொட்டாமல் பார்க்கிறாள். அவன் போனதும் அந்த உலகத்தைத் தானே தேடிப் போகிறாள். பள்ளி, பிறகு பெண் மருத்துவர் ஒருவரின் ஊக்கம், பிறகு மருத்துவக் கல்லூரி. மணம் பேச வருகிறவர்களை அவள் பொருட்படுத்துவதில்லை. வேட்கை என்னும் சொல்லை நம் புலவர்கள் காதலுக்கு வைத்தார்கள். சகுணாவின் வேட்கையோ கல்வி வேட்கை. அவளுக்கு நெஞ்சு படபடப்பது நூலைக் கண்டால். இரவில் உறக்கம் கெடுவது பாடத்தால். ஒரு பெண் அறிவின்மேல் கொண்ட பற்றை, காதலுக்கு உரிய அத்தனை சூட்டோடும் எழுதிக் காட்டியிருக்கிறார் கிருபாபாய். அந்த வேட்கை உடல்நோயால் தடைபட்ட பிறகுதான், தன்னோடு சமமாகப் பேசக்கூடிய ஒருவனைச் சகுணா காண்கிறாள். மணம் நிகழ்கிறது, கதை மகிழ்ச்சியில் முடிகிறது.

முடிவு மகிழ்ச்சிதானா என்று என் மனம் கேட்கிறது. மருத்துவராக வேண்டியவள் மனைவியானாள். கணவன் நல்லவன், ஐயமில்லை. ஆனால் இழந்தது இழந்ததுதானே? கிருபாபாய் இக்கேள்வியைச் 'சகுணா'வில் எழுப்பவில்லை. எழுப்பாமலே விட்டதை அடுத்த நாவலில் எழுப்பினார் என்பது என் கருத்து.

'கமலா'வைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இது இந்துக் குடும்பம் ஒன்றின் கதை. கமலா தாயை இழந்தவள். துறவியாக வாழும் தந்தையிடம் மலைப்புறத்தில் வளர்ந்தவள். சிவகங்கை என்னும் ஊரில் கணேசன் என்னும் இளைஞனுக்கு அவளை மணம் செய்கிறார்கள். (நம் பாண்டி நாட்டுச் சிவகங்கை என்று எண்ண வேண்டா, கதையில் வருவது வேறு ஊர்.) மாமியார் கொடியவள். நாத்திமார் அவளுக்கு இளைத்தவர்கள் அல்லர். இதுவரை எல்லாம் நாம் நூறு கதைகளில் கண்டதுதான்.

கணேசன் ஆங்கிலம் படித்தவன். தன் மனைவியும் படித்தவளாக இருக்க வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு வருகிறது. கமலாவுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிறான். அதுவரை அவர்கள் கணவனும் மனைவியும் என்று பெயர் பெற்றவர்கள், பேசிக்கொண்டவர்கள் அல்லர். அக்கால வழக்கில் பகலில் கணவனோடு பேசுவதே நாணமற்ற செயல். இப்போது எழுத்துகளைச் சாக்கிட்டு அருகில் அமர்கிறார்கள். கேள்வி கேட்கலாம், தவறு செய்யலாம், தவறுக்குச் சிரிக்கலாம். கமலாவின் உள்ளத்தில் காதல் அரும்புவது இங்கேதான். அவளுக்கு எழுத்து எது, கணவன் எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

வீடு பொறுக்குமா? மாமியாருக்கு மகன் கைவிட்டுப் போகிறான் என்னும் அச்சம். மருமகள் எழுத்தால் மகனை மயக்குகிறாள் என்று பேச்சு. கணேசன் கெட்டவன் அல்லன்; ஆனால் உறுதியில்லாதவன். தாயின் முகம் சுளித்ததும் பாடம் குறைகிறது; பிறகு நின்றுபோகிறது. பாடம் நின்ற அன்று காதலும் நின்றது என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. அதன் பின் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காண்கிறோம்.

நூல் இங்கே வினையூக்கி போல் செயல்படுகிறது என்று எழுத முதலில் எண்ணினேன். வேதியியல் மாணவிக்கு எளிதில் வரும் உவமை. ஆனால் அது பிழை. வினையூக்கி வினையை விரைவாக்கும். தான் வினையில் செலவாவதில்லை. அது இல்லாவிட்டாலும் வினை மெதுவாகவேனும் நடக்கும். கமலாவின் வாழ்வில் நூல் அப்படி அன்று. நூலே விறகு. விறகை இழுத்துவிட்டால் அடுப்பு அவிந்தது.

கணேசனின் மனம் பிறகு சாய் என்னும் பெண்ணிடம் செல்கிறது. சாய் செல்வம் உடையவள், ஒருவருக்கும் கட்டுப்படாதவள், ஆண்களிடம் அஞ்சாமல் சமமாகப் பேசுகிறவள், அறிவுள்ளவள். எண்ணிப் பாருங்கள்! தன் மனைவிக்குக் கற்பிக்கத் துணிவில்லாதவன், துணிவும் அறிவும் உடைய பெண் வேறிடத்தில் கிடைத்ததும் அங்கே ஓடுகிறான். அவன் தேடியது கிடைத்தது. ஆனால் அதைத் தன் வீட்டிலேயே வளர்க்க அவனுக்கு ஆண்மை இல்லை. சாயைக் கிருபாபாய் தீயவளாகவே காட்டுகிறார். இந்த இடத்தில் எனக்கு ஆசிரியரோடு உடன்பாடு இல்லை. நாவலிலேயே தன் விருப்பத்தைத் தானே அறிந்து, தானே நாடிப் போகிற பெண் அவள் ஒருத்திதான். ஹேவுட் இக்கதையை எழுதியிருந்தால் சாய்தான் தலைவி. கடிதம் எழுதும் அலோவிசாவின் உடன்பிறப்பு அவள். கிருபாபாய் அவளைக் கண்டு அஞ்சினாரோ, வாசகரைக் கண்டு அஞ்சினாரோ! சமய இதழ் நடத்துவோரும் ஆங்கில மாதரும் படிக்கும் கதையில் வேறு எப்படி எழுதியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. குறை சொல்லத் தொடங்கியதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவே ஆசிரியர் வந்து இந்து இல்லங்களின் இருளைப் பற்றி அடிக்கடி எடுத்துரைப்பது சலிப்புத் தருகிறது. கமலாவின் கண்ணீர் சொல்லாததை அவ்வுரைகள் சொல்லிவிடவில்லை.

கமலா துன்பத்தின் எல்லைக்கே செல்கிறாள். கணவன் நோயில் இறக்கிறான். பெற்ற பெண் குழந்தையும் தங்கவில்லை. இளம் கைம்பெண்ணாக நிற்கிறாள். அப்போது இராமச்சந்திரன் வருகிறான். உறவினன், மருத்துவம் அறிந்தவன், சிறு வயதில் அவளுக்கென்று பேசப்பட்டவன், அவளை உள்ளூர நேசித்தே வந்தவன். மணந்துகொள்ள வேண்டுகிறான். கமலாவின் உள்ளமும் அவன்பால் இளகாமல் இல்லை. ஆனால் மறுத்துவிடுகிறாள். தனக்கு வந்த செல்வத்தைக் கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும் செலவிட்டு வாழ்ந்து முடிகிறாள்.

ஏன் மறுத்தாள்? பழைய சமயக் கட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தது என்பது ஆசிரியர் தரும் விடை. கைம்பெண் மறுமணத்துக்கு 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் இடம் தந்துவிட்டது. மனம் இடம் தரவில்லை என்பது உண்மையே. ஆராய்ச்சியாளர் சிலர் வேறு விடை காண்கிறார்கள். முதன்முறையாகத் தன் கையில் பொருளும், தன் விருப்பப்படி நாளைக் கழிக்கும் உரிமையும் பெற்ற பெண் அதை எதற்காக விட வேண்டும் என்கிறார்கள். அழகான விடைதான். ஆனால் எனக்கு மூன்றாவதாக ஒன்று படுகிறது. மருத்துவம் அறிந்தவனை நாயகனாக வைத்தவர் மருத்துவப் படிப்பைப் பாதியில் இழந்தவர். தான் அடையாத அறிவை அவன் கையில் கொடுத்து, அவனைக் கமலாவின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவனை மணந்தால் அவ்வறிவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். அதை உடையவளாக முடியாது. ஒருமுறை கணவன் கையால் பெற்ற எழுத்தை, கணவன் மனம் மாறியதும் இழந்தவள் கமலா. மறுமுறை அதே வழியில் கை நீட்ட அவளுக்கு மனம் வருமா? இது ஆசிரியர் சொன்னது அன்று, நான் படித்தவிதம். தமிழ்த்துறை நண்பர்கள் திருத்தலாம்.

கூட ஒரு செய்தி. 'கமலா' கிறித்தவக் கல்லூரி இதழில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1893 முதல், 'விவேக சிந்தாமணி' என்னும் தமிழ் இதழில் ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வந்தது. ராஜமய்யர் அக்கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். ஒரே நகரம், ஒரே காலம், இரண்டு கமலாக்கள். ராஜமய்யரும் 1898-இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். தமிழ்க் கமலாம்பாள் நம் பாடத்திட்டத்தில் அமர்ந்துவிட்டாள். ஆங்கிலக் கமலாவும் தமிழ் பேசியவள்தான். 1896-இலேயே அவள் கதை தமிழில் பெயர்க்கப்பட்டது. பிறகு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தாள். இலங்கையில் பிறந்த சாந்தனி லொகுகே என்னும் அறிஞர் இரண்டு நாவல்களையும் பதிப்பித்து, 1998-இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட பின்னரே அவை மீண்டும் கைக்குக் கிடைத்தன. நான் படித்தவை அப்பதிப்புகளே.

இனி என் கதை சிறிது. சென்ற கோடை விடுமுறையில் எனக்கு ஓர் இடம் பார்த்து வந்தார்கள். நல்ல குடும்பம். பிள்ளை படித்தவர், பண்பாகவே பேசினார். முதுகலையோடு போதும், ஆராய்ச்சி எதற்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் மட்டும் தனியே, "அதெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் நான் படிக்க வைக்கிறேங்க" என்றார். மனம் அறிந்து சொன்ன சொல்தான். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "படிக்க வைக்கிறேன்" என்னும் அந்தச் சொல் என் காதில் நின்றுவிட்டது. கணேசனும் கமலாவைப் படிக்க வைத்தவன்தானே? அவனும் அப்போது மெய்யாகவே எண்ணியிருப்பான்.

அன்று மாலை திண்ணையில் அம்மாயி புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இன்றும் பொட்டலம் கட்டி வரும் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவார். பேச்சை மாற்றுவதற்காகக் கமலாவின் கதையை அவருக்குச் சொன்னேன். மாமியார் வரும் இடங்களில் "உம்" கொட்டினார். சாய் வந்ததும் ஒரு வசவு வைதார். இராமச்சந்திரன் கேட்டதையும் அவள் மறுத்ததையும் சொல்லி நிறுத்தினேன். "பாவம், கட்டியிருக்கலாம்" என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அம்மாயி கொட்டையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். "அது கெடக்குது கண்ணு. அந்தப் புள்ளைக்குப் பாதியில நிறுத்துனாங்கல்ல படிப்பு, அத அப்புறம் ஆராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விடை வரவில்லை. உள்ளே போய் நூலை எடுத்து வந்து, கடைசி இயல்களை மறுபடியும் புரட்டத் தொடங்கினேன்.